அறை முழுவதும் படத்தில் வர வேண்டியதில்லை

வாசகர் கேள்வி: விற்பனைக்கும் வாடகைக்கும் வரும் வீடுகளின் உட்புறத்தைப் படம் எடுத்துத் தரும் வேலையைச் சில மாதங்களாகச் செய்து வருகிறேன். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார் உள்ள) கேமரா, 16-35 மிமீ லென்ஸ், ட்ரைபாட் (முக்காலி) வைத்திருக்கிறேன். ஒரே வீட்டில் எடுத்த ஹால், சமையலறை, படுக்கையறை, குளியலறைப் படங்களை அனுப்பியிருக்கிறேன். தெரிந்த புகைப்படக்காரர்களிடம் காட்டினால் ஒருவர் கேமராவை உயர்த்தச் சொல்கிறார், இன்னொருவர் இறக்கச் சொல்கிறார். விளக்கு எரிய வேண்டும் என்கிறார் ஒருவர், அணைத்துவிடு என்கிறார் மற்றவர். யார் சொல்வதைக் கேட்பது? மற்றவர்கள் தங்கள் படங்களைக் காட்டிக் கருத்துக் கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்பதைத் தாண்டி எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. எனக்கு வேலை தரும் தரகர் ஒருவர் அறைகளை இன்னும் பெரிதாகக் காட்டச் சொல்லி நெருக்குகிறார். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

அன்புள்ள வாசகருக்கு,

நான்கு படங்களையும் பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். கவனமாக வேலை செய்கிறவர் எடுத்தவை என்பது பார்த்ததுமே தெரிகிறது. ஃபோகஸ் எங்கும் பிசகவில்லை. தரையில் ஒயர் கிடக்கவில்லை. படுக்கை விரிப்பை இழுத்துச் செருகியிருக்கிறீர்கள், திரைச்சீலைகளை இரு பக்கமும் ஒரே அளவுக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள். இதையெல்லாம் ஒருவருக்குச் சொல்லிக் கொடுப்பது கடினம். உங்களுக்கு அது தானாகவே இருக்கிறது.

ஆனால் நான்கையும் பார்த்து முடித்த பிறகும் அந்த வீட்டுக்குள் எனக்கு வழி தெரியவில்லை. ஹாலிலிருந்து சமையலறைக்கு எந்தப் பக்கம் போவது, ஜன்னல் கட்டிலுக்கு இடப்புறமா எதிரேயா, எதுவும் பிடிபடவில்லை. வீடு தேடுகிறவர் ஒவ்வொரு படத்திலும் தன்னை நிறுத்திப் பார்க்கிறார். இங்கே நின்றால் எதிரே என்ன தெரியும், எந்தப் பக்கம் நடக்கலாம், என் மேசையைப் போட்டால் இடம் மிஞ்சுமா என்றுதான் அவர் மனசு ஓடும். அதற்குப் பதில் சொல்கிற படம் நல்ல படம். நீங்கள் கேட்ட உயரம், விளக்கு, பெரிதாகக் காட்டுவது எல்லாவற்றையும் இதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஹால் படத்தை எடுத்துக்கொள்வோம். மூலையில் முதுகு சுவரில் முட்டும்வரை பின்னால் போய், உங்கள் லென்ஸ் மிக அகலமாகப் பிடிக்கிற 16 மிமீயில் எடுத்திருக்கிறீர்கள். மூன்று சுவர்கள், கூரை, ஏகப்பட்ட தரை எல்லாம் வந்துவிட்டன. அப்படியும் அது சின்ன அறையாகத்தான் தெரிகிறது. காரணம் அந்த மூன்றாவது சுவர். இரண்டு சுவர்கள் மட்டும் தெரியும்போது தரையும் சோஃபாவும் ஃபிரேமின் விளிம்பைத் தாண்டி நீள்வதாகப் பார்ப்பவர் தானாகவே எடுத்துக்கொள்கிறார். மூன்றாவது சுவர் உள்ளே வந்ததும் அறை அங்கே முடிந்துவிடுகிறது, ஒரு பெட்டிக்குள் எட்டிப் பார்க்கிற உணர்வு வந்துவிடுகிறது. விட்டுவிடுவதால் இடம் கூடும் என்பதைப் பலர் நம்பவே மாட்டார்கள். ஒரே இடத்தில் நின்று இரண்டு விதமாகவும் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

16 மிமீயில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் அது அகலவாக்கில் ஏறக்குறைய 97 பாகைக் கோணத்தைப் பிடிக்கிறது. 24 மிமீ பிடிப்பது 74 பாகைதான். நேர்க்கோடுகளை நேராகவே காட்டுகிற லென்ஸ், அதற்கு விலையாக ஓரங்களை இழுத்துவிடும். 16 மிமீ படத்தின் ஓரத்தில் ஓர் உருண்டையான விளக்கு இருந்தால் அதன் அகலம் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்காகத் தெரியும். 24 மிமீயில் அது ஒன்றேகால் மடங்குதான், கண்ணுக்கு அவ்வளவாக உறுத்தாது. உங்கள் படத்தில் வலது ஓரத்துச் சோஃபாவின் கைப்பிடி கட்டில் அகலத்துக்கு நீண்டிருப்பதும், எதிர்ச்சுவர் எங்கோ தூரத்தில் குட்டியாகப் போனதும் இப்படி வந்தவைதான். லென்ஸைப் பழிப்பதற்காகச் சொல்லவில்லை. பொருள்கள் ஒன்றுக்கொன்று பெரிதா சிறிதா என்பதை முடிவு செய்வது நீங்கள் நிற்கும் இடம். லென்ஸ் அதில் எவ்வளவை வெட்டி எடுப்பது என்பதை மட்டுமே சொல்கிறது. அதனால் முதலில் இடத்தைத் தேர்ந்தெடுங்கள், லென்ஸை அப்புறம் திருப்புங்கள்.

அந்த ஹாலுக்கு நான் சொல்லும் இடம் உள்வாசல். படத்தின் இடது ஓரத்தில் பாதி தெரிகிறதே, அந்தக் கதவு நிலைதான். அங்கே, கொஞ்சம் வெளியே தள்ளியே நின்று, 24 மிமீக்குத் திருப்பி, சோஃபா இருக்கும் சுவரையும் ஜன்னல் சுவரையும் மட்டும் பிடியுங்கள். உங்கள் படத்தில் சோஃபாவுக்குப் பின்னால் ஒரு திறப்பின் ஓரம் தெரிகிறது. அது சமையலறைக்குப் போகும் வழியாகத்தான் இருக்க வேண்டும். அந்தத் திறப்பும், அதற்குள் ஒரு துண்டு சமையல் மேடையும் ஃபிரேமுக்குள் வந்தால் வீட்டின் இரண்டு பகுதிகள் ஒரே படத்தில் இணைந்துவிடும். அடுத்த படத்தில் அதே மேடை முழுதாக வரும்போது, ‘ஓ, அங்கிருந்து இங்கே வந்தோம்’ என்று பார்ப்பவருக்குப் புரியும். வீட்டுப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கோர்வைதான். ஒவ்வொரு படத்திலும் அடுத்த அறையின் ஒரு சிறு பகுதியாவது எட்டிப் பார்க்க வேண்டும்.

அங்கே போய் நின்றதும், கண்ணுக்கு உறுத்தாமல் கேமராவுக்கு மட்டும் உறுத்துகிற சில விஷயங்கள் தெரியவரும். ஒற்றை நாற்காலியின் முதுகு முன்னால் வந்து வழியை அடைக்கும். அதை அரையடி தள்ளினால் போதும், தரையில் ஒரு பாதை திறக்கும். தரையில் நிற்கும் விளக்கின் தண்டு கதவுச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரே கோடாகிவிடும். இப்போதே உங்கள் படத்தில் அப்படித்தான் இருக்கிறது. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தெளிவாக மறைக்கலாம், தெளிவாக விலகியும் நிற்கலாம். தொட்டும் தொடாமலும் இருந்தால் எது முன்னால் எது பின்னால் என்பது குழம்பி, ஆழம் போய்விடும். அறைச் சாமான்கள் நேரில் அழகாக இருக்கும் இடமும் படத்தில் அழகாக இருக்கும் இடமும் வேறு வேறு. வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு நகர்த்துங்கள், முடிந்ததும் பழைய இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

சரி, உயரத்துக்கு வருகிறேன். உயர்த்தச் சொன்னவர், இறக்கச் சொன்னவர் இருவரும் தவறாகச் சொல்லவில்லை. ஒருவர் சமையலறையைப் பார்த்துச் சொல்லியிருப்பார், மற்றவர் படுக்கையறையைப் பார்த்து. நான்கு படங்களையும் நீங்கள் ஒரே உயரத்தில், ஏறக்குறைய நெஞ்சு மட்டத்தில் எடுத்திருக்கிறீர்கள்.

இதற்கு ஒரு எளிய விதி இருக்கிறது. கேமரா எந்த மட்டத்தில் இருக்கிறதோ, அதற்குக் கீழே உள்ள பொருள்களின் மேற்பரப்பு தெரியும். அதற்கு மேலே உள்ளவற்றின் அடிப்பக்கம் தெரியும். சரியாக அதே மட்டத்தில் இருக்கும் பலகை வெறும் கோடாகிவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு அறைக்கும் உயரம் தானாகக் கிடைக்கும். சமையல் மேடை பெரும்பாலும் 3 அடி உயரம். அதற்கு மேலே சுவரில் தொங்கும் அலமாரிகளின் அடிப்பக்கம் வழக்கமாக நாலரை அடியில் தொடங்கும். கேமராவை நாலேகால் அடியில் வைத்தால் மேடையின் மேற்பரப்பு ஒரு பட்டையாகத் தெரியும், அலமாரியின் அடிப்பக்கம் ஏறக்குறைய கோடாகிவிடுவதால் அங்குள்ள ஆணிகளும் ஒயர்களும் கண்ணில் படாது. உங்கள் சமையலறைப் படத்தில் மேடையின் மேற்பரப்பு குறுகலாகத் தெரிகிறது, அலமாரியின் அடிப்பக்கமோ பளிச்சென்று தெரிகிறது. ஆகவே அங்கே கொஞ்சம் உயர்த்தத்தான் வேண்டும்.

படுக்கையறையில் உயரமாகத் தெரிய வேண்டிய பொருளே இல்லை. கட்டில் 2 அடி. அதே நெஞ்சு மட்டத்திலிருந்து பார்த்தால் விரிப்பு ஒரு பெரிய வெள்ளைப் பரப்பாகப் படத்தில் பாதியை விழுங்கிவிடுகிறது. மூன்றரை அடிக்கு இறக்கிப் பாருங்கள். கட்டில் ஒரு பொருளாகத் திரண்டு நிற்கும், அதற்கு அப்பால் ஜன்னல்வரை உள்ள இடைவெளியும் புரியும்.

இறக்கினால் கூரை அதிகமாக வந்துவிடுமே என்பீர்கள். வரும். கேமராவை மட்டமாக வைத்தால் அதன் உயரம்தான் படத்தின் நடுக்கோடு, அதை மாற்ற முடியாது. பலர் இந்த இடத்தில்தான் கேமராவைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்க்கிறார்கள், உடனே சுவர்களெல்லாம் சரியத் தொடங்குகின்றன. சாய்க்காதீர்கள். ஷிஃப்ட் லென்ஸ் இருந்தால் கேமராவை அசைக்காமலே காட்சியை மேலும் கீழும் நகர்த்தலாம். இல்லையென்றாலும் கவலையில்லை. இரண்டு மூன்று மிமீ அகலமாக, மட்டமாக எடுத்து, பிறகு கணினியில் மேலே கூரையை மட்டும் வெட்டிவிடுங்கள். கிடைப்பது ஷிஃப்ட் லென்ஸ் தருகிற அதே காட்சிதான். கொஞ்சம் பிக்சல் குறையும், திரையில் பார்க்கும் படத்துக்கு அது ஒரு பொருட்டில்லை. சாய்ந்த சுவர்களைப் பிறகு லைட்ரூம் போன்ற படம் திருத்தும் மென்பொருளில் நிமிர்த்தலாம்தான். ஆனால் நிமிர்த்தும்போது ஓரங்கள் வெட்டுப்படும், நீங்கள் யோசித்து வைத்த ஓரம் கையைவிட்டுப் போகும்.

படுக்கையறைப் படத்தில் இன்னொன்று. கட்டிலுக்கு நேர் எதிரே நிற்க நினைத்திருக்கிறீர்கள், ஆனால் இரண்டு மூன்று பாகை விலகியிருக்கிறது. கட்டிலின் தலைப்பலகை லேசாக ஒரு பக்கம் இறங்குகிறது. பின்சுவரைப் பார்த்து எடுக்கும் படம் ஒன்று முழுக்க நேராக இருக்க வேண்டும், அல்லது தெளிவாகக் கோணத்தில் இருக்க வேண்டும். நடுவில் நின்றால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும். கேமராத் திரையில் கிரிட் கோடுகளைப் போட்டுக்கொண்டு, தலைப்பலகையின் இரு முனைகளும் ஒரே கோட்டில் வரும்வரை முக்காலியைத் திருப்புங்கள்.

வெளிச்சம் பற்றி. விளக்கு எரிய வேண்டுமா என்பது பெரும்பாலும் ரசனை. ஆனால் உங்கள் சமையலறையில் அது ரசனையைத் தாண்டிவிட்டது. ஜன்னல் பக்கம் மேடை நீலமாகவும், விளக்கின் கீழ் சுவர் மஞ்சளாகவும் இருக்கின்றன. ஒளியின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்: பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், மஞ்சள் பல்பு 2700 முதல் 3000 வரை. வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸ் அமைப்பு ஒன்றை மட்டும் வைத்து இரண்டையும் சரிசெய்ய வழியில்லை. சுவர் என்ன நிறம் என்றே வாங்குகிறவருக்குத் தெரியாமல் போகிறது. ஜன்னல் வெளிச்சம் தாராளமாக உள்ள அறையில் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வெளிச்சம் குறைந்த உள்ளறை என்றால் விளக்கைப் போடுங்கள், முடிந்தால் திரையை இழுத்து வெளி வெளிச்சத்தைக் குறையுங்கள். ஏதாவது ஒன்று ஆள வேண்டும். எல்இடி விளக்கு எரியும்போது வேகமான ஷட்டரில் படத்தில் பட்டை பட்டையாக வரலாம்; மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் விளக்கு வினாடிக்கு 100 முறை துடிக்கிறது. முக்காலியில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்வு) 100, லென்ஸ் துளை எஃப் 8 என்று வைத்தால் ஷட்டர் எப்படியும் மெதுவாகத்தான் இருக்கும் என்பதால் உங்களுக்கு இந்தத் தொல்லை வராது. செல்போனில் எடுப்பவர்களுக்குத்தான் வரும். மின்விசிறியை மட்டும் மறக்காமல் நிறுத்துங்கள்.

ஹால் ஜன்னலில் உங்கள் எச்டிஆர், அதாவது வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த படங்களை ஒன்றாகச் சேர்ப்பது, கொஞ்சம் எல்லை மீறிவிட்டது. வெளியே உள்ள மரமும் உள்ளே உள்ள சோஃபாவும் ஒரே அளவு வெளிச்சத்தில் இருக்கின்றன. பகலில் எந்த அறையிலும் வெளியே பார்த்தால் அது உள்ளே இருப்பதைவிடப் பளிச்சென்றுதான் இருக்கும். அந்த வித்தியாசத்தை முழுக்க அழித்ததால் ஜன்னல், சுவரில் ஒட்டிய போஸ்டர்போல ஆகிவிட்டது. இரண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) மூன்று எக்ஸ்போஷர் எடுப்பது சரிதான், அதை மாற்ற வேண்டாம். சேர்க்கும்போது ஜன்னலை அறையைவிட ஒரு ஸ்டாப்பாவது வெளிச்சமாக விடுங்கள். அதோடு சோஃபாவின் காலடியைப் பாருங்கள்: நிழலே இல்லை. நிழல்களை மேலே இழுத்து இழுத்து, சாமான்கள் தரையைத் தொடும் இடத்தில் இருக்க வேண்டிய கருமையும் போய்விட்டது. அதனால்தான் எல்லாம் மிதப்பதுபோல இருக்கிறது. அந்தக் கருமைதான் பொருளைத் தரையில் உட்கார வைக்கிறது, தயவுசெய்து அதை விட்டுவையுங்கள்.

குளியலறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கழிப்பறைக் கோப்பையின் மூடியைச் சாத்தியிருக்கிறீர்கள், நல்லது. கண்ணாடியில் முக்காலியின் ஒரு கால் தெரிகிறது. கதவுக்கு வெளியே வந்து பக்கவாட்டில் நின்றால் தப்பிக்கலாம். குளியலறைக்கு ஒரு படம் போதும், அதுவும் முழுதாக வர வேண்டியதில்லை.

இனி, மற்றவர்களின் படத்துக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்களே. ‘நல்லா இருக்கு’ என்பதைத் தாண்டிப் போக முடியாததற்குக் காரணம், தீர்ப்பிலிருந்து தொடங்குவதுதான் என்று நினைக்கிறேன். நல்லதா கெட்டதா என்பதை ஒத்திவைத்துவிட்டு, படத்தில் உங்களுக்கு என்ன புரிந்தது என்று சொல்லத் தொடங்குங்கள். ‘முதலில் என் கண் ஏசியில் போய் நின்றது, பிறகுதான் ஜன்னலைப் பார்த்தேன்’ என்று சொல்லுங்கள். ‘இடது பக்கம் கதவு இருக்கிறதா, அலமாரியா என்று எனக்குப் பிடிபடவில்லை’ என்று சொல்லுங்கள். எடுத்தவர் அந்த அறைக்குள் நின்றவர், அவருக்கு எல்லாம் தெரியும். தெரியாத ஒருவரின் கண் அவருக்குக் கிடைப்பதே இல்லை. அதை நீங்கள் கொடுக்கிறீர்கள். ‘கேமராவை இறக்கு’ என்ற கட்டளையைவிட ‘எனக்குக் கட்டில் மட்டும்தான் தெரிந்தது’ என்ற வாக்கியம் அவருக்குப் பத்து மடங்கு உதவும், ஏனென்றால் தீர்வை அவரே கண்டுபிடித்துக்கொள்வார்.

அதன் பிறகு பிழையையும் ரசனையையும் பிரித்துச் சொல்லுங்கள். சாய்ந்த சுவர், கலந்துபோன நிறம், கண்ணாடியில் கேமரா இவையெல்லாம் பிழைகள், வாதம் தேவையில்லை. விளக்கு எரிவது, மேசையில் பூ வைப்பது, படத்துக்கு வெதுவெதுப்பான நிறம் தருவது எல்லாம் ரசனை. அதைச் சொல்லும்போது ‘எனக்கு’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். உங்களுக்கு வரும் கருத்துகளையும் இதே சல்லடையில் போடலாம். பிழை என்று ஒருவர் காட்டினால் அவர் யாராக இருந்தாலும் கேளுங்கள். ரசனை என்றால் கேட்டுக்கொள்ளுங்கள், முடிவை நீங்களே எடுங்கள்.

உங்கள் படத்தை நீங்களே புதிதாகப் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. கணினியில் இடவலமாகப் புரட்டிப் பாருங்கள், எடை ஒரு பக்கம் சாய்வது உடனே தெரியும். கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். வீடு தேடுகிறவர் முதலில் பார்ப்பது அந்த அளவில்தான், அங்கே வடிவம் புரியவில்லை என்றால் அவர் பெரிதாக்கிப் பார்க்கவே மாட்டார்.

இவை இரண்டையும்விட நான் நம்புவது ஒரு சோதனையை. அந்த வீட்டைப் பார்க்காத ஒருவரிடம் மொத்தப் படங்களையும் வரிசையாகக் கொடுத்து, ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தைப் போடச் சொல்லுங்கள். அளவு துல்லியமாக வேண்டாம், எந்த அறை எதற்குப் பக்கத்தில், ஜன்னல் எங்கே, கதவு எங்கே என்று மட்டும். அவர் தடுமாறுகிற இடத்தில்தான் உங்களுக்கு ஒரு படம் குறைகிறது. அவர் ஒரு முறைகூடத் திருப்பிப் பார்க்காத படம் தேவையில்லாத படம். ஒரே ஹாலை நான்கு மூலைகளிலிருந்தும் எடுக்கும் பழக்கம் இந்தச் சோதனையில் நிற்காது. இரண்டு படத்துக்கு மேல் கொடுத்தால் வரைபவர் அதை இரண்டு ஹால் என்று போட்டுவிடுவார்.

கடைசியாக, தரகர். அறையைப் பெரிதாகக் காட்டச் சொல்பவர் பெரும்பாலும் விசாலமாகத் தெரிய வேண்டும் என்றுதான் கேட்கிறார். அதற்கு மூன்றாவது சுவரை விடுவது, தரையில் பாதையைத் திறப்பது, அடுத்த அறையைக் காட்டுவது ஆகியவை போதும், இவற்றில் பொய் எதுவும் இல்லை. 13 மிமீ அளவுக்குச் சமமான செல்போனின் 0.5 லென்ஸைப் போடுவதும், கணினியில் படத்தை அகலவாக்கில் இழுப்பதும் வேறு கதை. அதை நம்பிப் பயணம் செய்து வருகிற குடும்பம் வாசலிலேயே ஏமாந்து நிற்கும். அப்படி வந்தவர்களிடம் வீட்டை விற்பது தரகருக்கும் எளிதல்ல.

எதை அழிக்கலாம், எதை அழிக்கக் கூடாது என்ற கேள்வியும் அவரிடமிருந்து சீக்கிரமே வரும். நான் வைத்திருக்கும் எல்லை இது: வீட்டைக் காலி செய்யும்போது கையோடு எடுத்துப் போகக் கூடியதை எடுத்துவிடலாம். குப்பைத் தொட்டி, சார்ஜர் ஒயர், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய காந்தம் எல்லாம் சரி. வீட்டோடு தங்குகிறதைத் தொடக் கூடாது. சுவரின் ஈரக் கறை, தரையின் விரிசல், ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மின்கம்பம் எல்லாம் அதில் அடங்கும். மின்கம்பம் உறுத்தினால் அது மறைகிற கோணத்தில் நிற்காதீர்கள் என்று சொல்லமாட்டேன், நிற்கலாம். ஆனால் ஜன்னல் முழுதாகத் தெரிகிற படத்திலிருந்து அதைத் துடைத்து எடுக்காதீர்கள். காலி அறையில் கணினியால் சாமான் வரைந்து வைத்தால், அது வரைந்தது என்று படத்தின் மேலேயே எழுதிவிடுங்கள், காலி அறையின் படத்தையும் கூடவே கொடுங்கள்.

அவரிடம் இதை வாதமாகக் கொண்டுபோகாதீர்கள். அந்த ஹாலை உள்வாசலிலிருந்து 24 மிமீயில் ஒரு முறை எடுத்து, பழைய 16 மிமீ படத்தோடு சேர்த்து அனுப்பி, எது பெரிய அறையாகத் தெரிகிறது என்று மட்டும் கேளுங்கள்.